தண்ணீருக்கு அடியில் சாட்சி இல்லை

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் இப்போது தவறாமல் செய்கிற காரியம், கண்ணாடிப் பாலத்தில் நடப்பது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிற இந்தப் பாலத்தை 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். காலுக்குக் கீழே கடல் தெரியும் என்பதுதான் விசேஷம். குழந்தைகள் குனிந்து பார்க்கிறார்கள். பெரியவர்கள் பயந்துகொண்டே பார்க்கிறார்கள். என்ன தெரிகிறது? நுரை தெரிகிறது. அதாவது, கடலின் தோல்.

தோலுக்குக் கீழே இருப்பது வேறு உலகம். குமரிக் கடலோர மக்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'பார்'. கடலடியில் இருக்கிற பாறைத் திட்டு. பாசி, சிப்பி, கடற்பஞ்சு, அதைச் சுற்றிச் சின்ன மீன், அதைத் தின்ன வரும் பெரிய மீன் என்று ஒரு ஊரே அங்கே குடியிருக்கும். இன்னும் தெற்கே போனால் 'வாட்ஜ் பேங்க்' என்கிற ஆழம் குறைந்த பெரிய மேட்டு நிலம். 1976ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு மீன்வளம் உள்ள இடம்.

இந்த உலகத்துக்குள் கேமராவோடு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, கையில் ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குக் கேமரா. இங்கிலாந்தில் இதற்கென்றே 1967ல் ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். நீருக்கடிப் புகைப்படக்காரர்களின் பிரிட்டிஷ் சங்கம். இன்று இப்படிச் சங்கங்கள் பல நாடுகளில் உண்டு. கூடுவார்கள், ஆளுக்கு நாலு படம் காட்டுவார்கள், ஒருவரையொருவர் குறை சொல்வார்கள், டீ குடிப்பார்கள். முக்கியமாக, போட்டி வைப்பார்கள். நுணுக்கமாகச் சின்ன உயிர்களை எடுப்பதற்கு ஒரு பிரிவு, பரந்த காட்சிக்கு ஒரு பிரிவு. 'எல்லோரும் ஒரே நாளில் இறங்க வேண்டும், அன்றைக்கு எடுத்த படத்தை மட்டுமே கொடுக்க வேண்டும்' என்கிற போட்டியும் உண்டு. நம்ம ஊர் கபடி மேட்ச் மாதிரி, அன்றைக்கே ரிசல்ட்!

நாளைக்கே முட்டத்திலோ குளச்சலிலோ நாலு இளைஞர்கள் சேர்ந்து இப்படி ஒரு சங்கம் தொடங்கினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட நான் தயார். ஆனால், போட்டிக்கு விதிமுறை எழுத உட்காரும்போது ஒரு கேள்வி வந்து வழியை மறிக்கும்.

ஒரு நல்ல படத்துக்காக ஒரு மீனைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாமா?

சிரிக்காதீர்கள். உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறது அந்தக் கேள்வி. எப்படி என்று சொல்கிறேன்.

★

தண்ணீருக்கு ஒரு குணம். வெளிச்சத்தை விழுங்கும். அதிலும் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு அநேகமாகக் காலி. இன்னும் கொஞ்சம் கீழே போய்க் கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும் என்பார்கள். ஆகவே, அடியில் படமெடுக்கிறவர் தன் சிவப்பைத் தானே கொண்டுபோக வேண்டும், ஃப்ளாஷ் வடிவத்தில். அந்த வெளிச்சமும் தண்ணீரில் ரொம்ப தூரம் போகாது. நடுவில் மிதக்கிற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னிப் படத்தைக் கெடுக்கும். அதனால் இந்தக் கலையின் முதல் பாடம், கிட்டே போ. இரண்டாவது பாடம், இன்னும் கிட்டே போ.

இப்போது காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடல்குதிரை ஒன்று, பாசித்தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அழகான ஜீவன். ஆனால், மனிதனைக் கண்டால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிற பழக்கம் அதற்கு. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் திரும்பும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கியவர் நீங்கள். இப்போது முள் 70ஐக் காட்டுகிறது. 50க்கு வந்தால் மேலே ஏறிவிட வேண்டும். போட்டி இன்றைக்குத்தான். உங்களோடு இறங்கிய நண்பர் கலங்கிய தண்ணீரில் எங்கேயோ பத்து மீட்டர் தள்ளி இருக்கிறார்.

உங்கள் கையில் ஒரு குச்சி. மணலில் ஊன்றிக்கொள்ளக் கொண்டுவந்த உலோகக் குச்சி.

ஒரு சின்னத் தள்ளு போதும். முகம் திரும்பிவிடும். க்ளிக்.

யார் பார்த்தார்கள்?

★

'இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?' என்று கேட்பீர்கள். பெரிய போட்டிகளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பரிசுக்குத் தேறும் படத்தின் மூலக் கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த கை படாத வடிவத்தை, நடுவர்களிடம் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மீனை ஒட்டினார்களா, வாலை வளைத்தார்களா என்று அதில் பார்த்துவிடலாம்.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே ஒரு பழைய பாடம் ஞாபகத்துக்கு வரும். ஆடிட்டிங் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். வவுச்சர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வவுச்சரில் எழுதியது நிஜமாகவே நடந்ததா என்று பார்ப்பது வேறொன்று. கையெழுத்து, தேதி, தொகை எல்லாம் கச்சிதமாக இருக்கும். சரக்கு மட்டும் வந்தே இருக்காது. மூலக் கோப்பு என்பது அந்த மாதிரி வவுச்சர். படத்துக்குப் பிறகு நடந்த தில்லுமுல்லை அது காட்டிக் கொடுக்கும். படத்துக்கு முந்தைய அரை நொடியை அது சொல்லாது.

தரைக்கு மேலேயே இந்தக் கதை உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதல் பரிசு, வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய்க்கு. அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். அதே போட்டியில் 2017ல் ஒரு பிரிவில் ஜெயித்த எறும்புத்தின்னிப் படத்தை 2018 ஏப்ரலில் தகுதி நீக்கம் செய்தார்கள். அது பாடம் செய்து வைத்த பொம்மையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். எடுத்தவர்கள் இருவருமே மறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கண்டுபிடித்த விதம். எந்த மெஷினும் கண்டுபிடிக்கவில்லை. ஓநாயைத் தெரிந்தவர்களும் எறும்புத்தின்னியைத் தெரிந்தவர்களும் படத்தைப் பார்த்து, 'இது இப்படிச் செய்யாதே, இப்படி இருக்காதே' என்றார்கள். அந்தப் பாயின்ட்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டும்.

★

'அட போங்க சார், இழுவைப் படகுகள் கடலடியையே வாரிக்கொண்டு போகின்றன. ஒரு கடல்குதிரையைச் சுண்டு விரலால் தொட்டதற்கா இவ்வளவு பெரிய கட்டுரை?'

நியாயமான கேள்விதான். பதில் கடியபட்டணத்தில் கிடைத்தது.

குமரி மாவட்டத்துக் கடற்கரையில் சிப்பி எடுக்கிறவர்கள் உண்டு. சிலிண்டர் கிடையாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்குவார்கள். இரும்பு உளியால் பாறையிலிருந்து பெயர்த்து, வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். அப்படி ஒரு பெரியவரிடம், தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற போட்டியைப் பற்றிச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார்.

"சிப்பி எடுக்கியவன் என்னத்த எடுத்தான்னு பையில இருக்கு, பாத்துக்கிடுங்க. படம் எடுக்கியவன் என்னத்த எடுத்தான்னு யாருக்குத் தெரியும் சார்?"

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சிப்பியும் 'எடுக்கிறோம்', படமும் 'எடுக்கிறோம்'. அவர் சொன்னதற்கு அப்புறம்தான் அந்தச் சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

சிப்பிக்காரர் கடலிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டுதான் கரையேறுகிறார். எண்ணலாம், எடை போடலாம், அளவுக்கு மீறினால் சண்டை போடலாம். படக்காரரோ, 'நான் ஒன்றையும் எடுக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டு கரையேறுகிறார். அந்தச் சொல்லில்தான் அவருடைய கௌரவமே இருக்கிறது. அது பொய்யாகும்போது சேதம் மூன்று கணக்கில் ஏறுகிறது.

முதல் கணக்கு, அந்த உயிருடையது. 2019ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கடல்குதிரை போன்ற அடிமட்டத்து மீன்களை ஃப்ளாஷ் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்தார்கள். ஃப்ளாஷைவிட அதிகமாக அவற்றைக் கலைத்தது, கையால் தொட்டு நகர்த்துவதுதான். அதற்கு முன்பே, 2001ல், ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் நடந்த ஆய்வு ஒன்று இன்னொரு சங்கடத்தைச் சொன்னது. கேமரா இல்லாமல் முங்குகிறவர்களைவிட, பிரத்தியேகக் கேமரா சாதனங்களோடு முங்குகிறவர்கள்தான் பவளத்தை அதிகம் உடைக்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. கண் ஒரு மீன்மேல் இருக்கும்போது கால் எங்கே உதைக்கிறது என்று தெரிவதில்லை. இத்தனைக்கும் கடல்குதிரை நம் நாட்டில் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். புலிக்குக் கொடுத்த இடம்.

இரண்டாவது கணக்கு, சக போட்டியாளருடையது. அதே கடலில் ஒருவர் கடல்குதிரை தானாகத் திரும்பட்டும் என்று காத்திருந்து, முள் 50க்கு வந்ததும் வெறுங்கையோடு மேலே வந்திருப்பார். சாயங்காலம் பரிசளிப்பில் கைதட்டிக்கொண்டு இருப்பார். பரிசு போனதுகூடப் பெரிதில்லை. அடுத்த மாதம் இறங்கும்போது, 'காத்திருப்பவன் முட்டாளோ?' என்கிற சந்தேகத்தோடு இறங்குவார். ஒரு சங்கம் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது கணக்கு, நம்முடையது. பார்க்கிற நம்முடையது. நாம் யாரும் அங்கே போகப்போவதில்லை. படத்தை நம்பித்தான் கடலைத் தெரிந்துகொள்கிறோம். நம்மிடம் சரிபார்க்க வழி இல்லை என்று தெரிந்தே சொல்லப்படுகிற பொய், சாதாரணப் பொய்யைவிட ஒரு படி கீழானது. கண் தெரியாதவரிடம் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுவது போல.

★

உடனே, 'அந்தக் காலத்துல இப்படியா? எல்லாம் இப்பக் கெட்டுப்போச்சு' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நிஜம் நேர் எதிர்.

கடலடியில் முதன்முதலில் ஒழுங்காகப் படம் எடுத்தவர் லூயி பூத்தான் என்கிற பிரெஞ்சு உயிரியலாளர். 1893ல், தெற்கு பிரான்ஸில். ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரை அடியில் காத்திருக்க வேண்டிய காலம் அது. 1926ல் ஃப்ளோரிடா கடலில் முதல் வண்ணப்படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக, மேலே மிதவையில் மக்னீசியம் பொடியைக் கொளுத்தினார்கள். ஒரு மீனைக் கலரில் பார்க்க ஒரு வெடி!

1956ல் ஜாக் கூஸ்தோவின் கடலடிப் படமான 'தி சைலன்ட் வேர்ல்ட்' கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வாங்கியது. பிறகு ஆஸ்கரும் வாங்கியது. அந்தப் படத்தில் மீன்களை எண்ணிப் பார்ப்பதற்காகப் பவளத்திட்டில் வெடி வைப்பார்கள். சுறாக்களை இழுத்துப் போட்டு வெட்டுவார்கள். உலகம் எழுந்து நின்று கைதட்டியது. இன்று அந்தக் காட்சிகளைப் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அதே 1956ல்தான் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் முங்குவதற்காகவே இலங்கைக்கு வந்து தங்கினார். நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் முங்கி, கோணேஸ்வரத்துக்குக் கீழே கடலடியில் கிடக்கும் பழைய கோயிலின் கல்தூண்களைப் படம் பிடித்தார். போர்ச்சுக்கீசியர் இடித்த கோயில் என்று நாம் கதையாகக் கேட்டிருந்ததை, இதோ கல் என்று காட்டியது கேமரா. யாரும் போகாத இடத்துக்குப் போய் வந்து சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சிக்கு மதிப்பு, அது நகர்த்தி வைக்காதது என்பதால்தான்.

ஆக, நாம் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் திருந்தியிருக்கிறோம். வெடி வைத்தபோது உறுத்தாத மனசு இன்று ஒரு குச்சித் தள்ளலுக்கு உறுத்துகிறது. எப்படித் திருந்தினோம்? இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். கேமரா கற்றுக்கொடுத்த கருணை, கேமராக்காரரையே இப்போது கேள்வி கேட்கிறது.

ஜஸ்டின் ஹாஃப்மன் என்கிற புகைப்படக்காரர் இந்தோனேஷியக் கடலில் எடுத்த ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு குட்டிக் கடல்குதிரை, காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை வாலால் பற்றிக்கொண்டு மிதக்கும். 2017ல் அதே லண்டன் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த படம். 'இப்படி ஒரு படமே இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா' என்ற பொருளில் எடுத்தவரே வருத்தப்பட்டு எழுதினார். அந்தப் படம் நம்மை உலுக்குகிறது என்றால் ஒரே காரணம், அந்தக் குச்சியை யாரும் அதன் வாலில் செருகவில்லை என்று நாம் நம்புகிறோம். நம்பிக்கை போனால், மிஞ்சுவது ஒரு பஞ்சுக்குச்சி.

★

நம் பக்கத்துக் கடலிலும் அப்படிப்பட்ட சாட்சிகள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' என்கிற அமைப்பு. அதை நடத்தும் ராபர்ட் பனிப்பிள்ளை கடலோர மீனவ சமூகத்தில் பிறந்தவர். பார்களில் கேமராவோடு இறங்கி, அங்கே குடியிருக்கும் உயிர்களையும், கூடவே கிடக்கிற அறுந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் பதிவு செய்கிறார்கள். துறைமுகம் வரட்டும், மணல் அள்ளட்டும், 'அங்கே ஒன்றுமில்லை, வெறும் மண்' என்று யாராவது சொல்லும்போது, 'இதோ பாருங்கள்' என்று காட்ட ஒரு படம் வேண்டும். இந்தப் படத்துக்குக் கோப்பை கிடையாது. ஆனால், இதில் ஒரே ஒரு மீன் நகர்த்தி வைத்தது என்று தெரிந்தால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் மொத்த ஆல்பத்தையும் குப்பையில் போட்டுவிடுவார். கோப்பைக்கு எடுக்கிறவரின் பொய், சாட்சிக்கு எடுக்கிறவரின் உண்மையையும் சேர்த்துத்தான் கெடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார் எங்கே இருக்கிறது என்பது கடலோரக் குடும்பங்களில் லேசில் வெளியே சொல்கிற விஷயம் இல்லை. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்து, அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சொத்து. அந்த இடத்துக்குப் படகோட்டி ஒருவர் உங்களை நம்பிக் கூட்டிப்போகிறார். நீங்கள் படத்தோடு இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணையும் ஊருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். அந்தக் குச்சித் தள்ளலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே மீன் நகர்ந்தது, இங்கே ஒரு குடும்பத்தின் சோறு நகர்கிறது.

இப்போது உங்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்ற இடத்துக்கு வருவோம். யாரும் பார்க்காத ஒரு ஆழம் எல்லோர் வேலையிலும் இருக்கிறது. பேஷன்ட் மயக்கத்தில் இருக்கும்போது டாக்டருக்கு. பானட்டுக்குக் கீழே குனியும்போது மெக்கானிக்குக்கு. மாவு அரைக்கிற இடத்தில் ஓட்டல்காரருக்கு. ஆள் சொன்ன வாக்கியத்தைக் கொஞ்சம் 'திருப்பி' எழுதினால் தலைப்பு நன்றாக வரும் என்கிற நேரத்தில் பத்திரிகைக்காரனுக்கு. மூலக் கோப்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்த அரை நொடியில் குச்சி என்ன செய்தது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும்.

மனசாட்சி இருந்தால் போதும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், மனசாட்சியை மட்டும் நம்பி யாரும் ஆடிட்டரை வேண்டாம் என்று சொல்வதில்லை. எனவே, முட்டத்தில் ஆரம்பிக்கப்போகிற அந்தச் சங்கத்துக்கு எனக்குத் தோன்றிய மூன்று விதிகள்.

ஒன்று, தொடாதே. நகர்த்தாதே. இரை போட்டு இழுக்காதே. இரண்டு, படத்தோடு நாலு வரி எழுதிக் கொடு: எவ்வளவு நேரம் காத்திருந்தாய், அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது, நீ வந்ததும் என்ன செய்தது. பொய்யை எடுப்பது சுலபம், எழுதிக் கையெழுத்துப் போடுவது கொஞ்சம் கஷ்டம்.

மூன்றாவது, மடித்து வைத்துக்கொள்ளச் சொன்ன பாயின்ட். நடுவர் மேஜையில் கேமரா நிபுணர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அதில் ஒரு சிப்பிக்காரரை உட்கார வையுங்கள். லென்ஸ் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. எந்த மீன் எந்தப் பாறையில், எந்த நீரோட்டத்துக்கு எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் என்று தெரியும். நாற்பது வருஷமாக அங்கே போய் வருகிறவர்.

படத்தைப் பார்த்துவிட்டு, "இது அங்ஙன நிக்காதே, மக்கா" என்று அவர் சொன்னால், பரிசு அடுத்த படத்துக்கு.